சம்பந்தி வாங்கிய குழல் பெட்டி

"அப்பா, மாமா எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. என் மேல சத்தியம்," என்று மகள் தன் மாமனார் வீட்டு வாசலிலேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. போன முறை, சம்பந்தி ஆசை ஆசையாகக் காட்டிய சாப்பாட்டு மேசையைத் தட்டிப் பார்த்து, "உள்ள ப்ளைவுட், மேலதான் தேக்கு ஒட்டியிருக்காங்க," என்று போட்டு உடைத்துவிட்டார் மனிதர். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது மகள்தான். இப்போது சம்பந்தியே இறங்கி வந்து, பழைய கிராமபோன் வாங்கியிருக்கிறேன், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். இதையும் கெடுத்தால் ஜென்மத்துக்கும் ஒட்டாது.

கிராமபோன் என்றால் அப்பாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவர் வீட்டுக் கூடத்தில் கதவு வைத்த ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்கிறது. வளைந்த கால், கதவுச் செதுக்கல், சாவிக் கைப்பிடி எல்லாம் அசல். ஊசியைப் பிடித்து ஓசை எழுப்பும் சவுண்ட் பாக்ஸ் மட்டும் இல்லை. அதற்காக அவர் ஏறி இறங்காத பழைய சாமான் கடை கிடையாது. கண்டதை மாட்டி ஓட்டவும் மனசு வரவில்லை. பெட்டி ஊமையாகவே நிற்கிறது.

உள்ளே போனதும் சம்பந்தி கிராமபோனை மூடியிருந்த துணியை விலக்கினார். "எப்படி?"

அப்பாவின் கண் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. பித்தளைக் குழல் நேற்றுப் பிறந்தது. திருகாணித் தலைகளில் கூட்டல் குறி. அந்தக் காலத்துத் திருகாணிக்கு ஒற்றைக் கோடுதான். மூலைத் தூண் ஒரு பாணி, அடிப்பலகை இன்னொரு பாணி. பக்கவாட்டில் யாரோ பழைய துளைகளை மெழுகால் அடைத்திருந்தார்கள். நாக்கு நமநமவென்றது. மகள் பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.

அப்புறம்தான் சவுண்ட் பாக்ஸைப் பார்த்தார். பழுப்பேறிய மைக்காத் தகடு, விளிம்பில் அவருக்கு மனப்பாடமான எண். தேடித் தேடி அலுத்த அதே சாமான், இந்தப் போலிக்குள்! அழுகையே வந்துவிடும்போலிருந்தது.

"அத்தனையும் அசல், சம்பந்தி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சம்பந்தியின் முகம் தொங்கிப்போனது. "அடடா! உங்க பெட்டி ஊமையா நிக்குதுன்னு மருமக ஒரு தடவை சொன்னா. இதுல இருக்கிற சவுண்ட் பாக்ஸ் அதுக்குப் பொருந்தும்னு கடைக்காரர் சொன்னார். கழட்டி உங்ககிட்ட கொடுக்கலாம்னுதான் வாங்கினேன். முழுசும் அசல்னா பிரிக்கலாமா? பாவமில்லையா? இப்படியே இருக்கட்டும்."

துணியை எடுத்து மறுபடி மூடப் போனார். அப்பா பரிதாபமாக மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டையை விட்டாள்.

"சொல்லித் தொலைங்கப்பா."

"குழல் டூப்பு! திருகாணி டூப்பு! மூணு பெட்டியைப் பிரிச்சு ஒரு பெட்டி பண்ணியிருக்காங்க! அந்தச் சவுண்ட் பாக்ஸ் ஒண்ணுதான் சம்பந்தி அசல்!"

"அப்போ முதல்ல சொன்னது?"

"உங்க மருமக சத்தியம் வாங்கிட்டா."

சம்பந்தி சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவும் நிஜமாவே ப்ளைவுட்தானா?"

"ஆமாங்க," என்றார் அப்பா, ரொம்பச் சின்னக் குரலில்.

சம்பந்தி உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். பெட்டியை ஒரு பக்கம் அவரே பிடித்தார்.

"தூக்குங்க சம்பந்தி. அந்த மேசை மேலயே வெச்சுக் கழட்டுவோம். கீறல் விழுந்தா விழட்டும்."