நாகமுத்துவின் ரேகைக்குக் கீழே

ஆதிநாராயணனுக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும். வாய் அப்புறம்தான் வரும். நல்லேரிமேட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எழுபத்தாறில் சாயக் கம்பெனியின் குழாயை அவன் கடப்பாறையால் உடைத்ததும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் புதிதாக முளைத்த கம்பெனி அது. அதன் கழிவு ஓடையில் விழுந்து, நல்லேரிமேட்டு வயல்களை ஒட்டியே ஓடி, கீழே குப்பத்தின் ஓரமாகப் பழவேற்காட்டு ஏரியில் போய்ச் சேரும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். குடித்த மாடு வயிறு ஊதிச் செத்தது. இறங்கிய மனிதனுக்குக் கால் வெந்து தோல் உரிந்தது.

குழாய் உடைந்த மூன்றாம் நாள், கம்பெனி ஏவிய ஆட்கள் அவனைப் புதுவாயல் கூட்டுரோட்டில் மடக்கி சைக்கிள் செயினால் விளாசினார்கள். இரண்டு பல் போயிற்று. கடைக்காரர்கள் பலகையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், மகராசன்கள். மீன் விற்க வந்திருந்த ஒருவன் மட்டும், அடிபடுகிறவன் யார் எவர் என்றுகூடக் கேட்கவில்லை. கையில் இருந்த கழியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். செயின் பிடித்தவனின் முழங்கை உடைந்த சத்தம் டீக்கடை வரை கேட்டதாம். அவன்தான் குப்பத்து நாகமுத்து. அன்றிலிருந்து அவனுக்கு ஆதிநாராயணன் 'நைனா', ஆதிநாராயணனுக்கு அவன் 'முத்து'.

அடுத்த வருடம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் புத்தி சொன்னவர் பொன்னேரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த சுப்பராயன்.

"கடப்பாறையும் கழியும் தூக்கினு போனா உங்களத்தான்யா உள்ள வைப்பான். தண்ணியக் கெடுக்கறவன உள்ள வைக்க டெல்லில மூணு வருசம் முந்தியே சட்டம் போட்டாச்சி. நம்ப சட்டசபை 'எங்களுக்கும் அது வோணும்'னு ஒரு தீர்மானம் போட்டாத்தான் இங்க செல்லும். போட வைக்கணும். மனு குடுங்க. உழவுக்காரன் தனி, வலைக்காரன் தனின்னு குடுத்தா குப்பைல போடுவான். ரெண்டு ஊரும் ஒரே காயிதத்துல வாங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் காகிதத்தில் வந்தார்கள். முதல் இடத்தை ஆதிநாராயணன் எடுத்துக்கொள்ளவில்லை. "நீ வை முத்து. இந்த உசுரு நீ குடுத்தது" என்று நாகமுத்துவின் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் தோய்த்தான். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

எழுபத்தெட்டு மார்கழியில் பதில் வந்தது. சட்டசபைக் குழு ஒன்று வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஓடையைப் பார்க்க வருகிறது, முதல் இரண்டு மனுதாரர்களில் ஒருவராவது நேரில் நின்று மனுவை உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும் என்று.

"வியாழக்கிழம வரைக்கும் ஒருத்தன் மேல ஒருத்தன் துரும்பக்கூடத் தூக்கிப் போடாதீங்க" என்று சுப்பராயன் தலைதலையாக அடித்துக்கொண்டார். "கலாட்டான்னு ஒரு வார்த்த காதுல உழுந்தா ஜீப்பத் திருப்பிக்கினு போயிடுவானுங்க."

புதன்கிழமை விடிந்தபோது ஆதிநாராயணனின் வயல் சிவப்பாக இருந்தது.

கதிர் பால் பிடித்து நின்ற ஒன்றரைக் காணி. முழங்கால் அளவுக்குச் சாயத்தண்ணீர் நின்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிடி கதிரை உருவிப் பார்த்தான். விரலில் எரிச்சல் ஏறியது, பால் கறுத்திருந்தது. இரண்டு வருடமாகக் கட்டிவைத்திருந்த கோபம் அத்தனையும் ஒரே மூச்சில் தலைக்கு ஏறியது.

"ஓடை அடச்சிக்கீதுண்ணா!" என்று கீழ்ப்பக்கமிருந்து ஓடி வந்தான் பக்கத்து வயல் வீரராகவன். "குப்பத்தானுங்க முகத்துவாரத்துல கழி நட்டு மண்மூட்டை போட்டுக்கீறானுங்க! தண்ணி மொத்தமும் நம்ப மேல திரும்பிடிச்சி!"

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆதிநாராயணன் ஓடினான். பின்னால் ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். யார் கையும் காலியாக இல்லை.

முகத்துவாரத்தில் நாகமுத்து இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு சவுக்குக் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். கரையில் அவன் ஆட்கள் ஐந்தாறு பேர். ஆதிநாராயணனின் கண்ணுக்கு அவன் கழியை நடுவதாகத்தான் தெரிந்தது.

"துரோகி! ஒரே காயிதத்துல கூட ரேக வெச்ச நாயி, என் வயித்துல அடிச்சிட்டியேடா!"

"நைனா, இரு நைனா! சொல்றத்த கேளு! நேத்து ஊட்டாண்ட வந்தேன், நீ இல்ல, ஒரே ஒரு ராத்திரி..."

வீரராகவன் எறிந்த கல் கரையில் நின்ற ஒரு கிழவனின் நெற்றியைப் பிளந்தது. அவ்வளவுதான். துடுப்பும் தடியும் மோதிக்கொண்டன. ஒருவன் காது கிழிந்து தொங்கியது. ஒருவனைத் தண்ணீரில் அமுக்கி இரண்டு பேர் மிதித்தார்கள். கம்பெனிக்காரன் ஏவினால்கூட இப்படி அடித்திருக்க மாட்டார்கள். அத்தனை வெறி, அத்தனை மூர்க்கம்! ஆதிநாராயணன் தண்ணீரில் குதித்து மண்வெட்டியின் பின்பக்கத்தை ஓங்கினான். நாகமுத்து தடுக்கக் கை தூக்கவில்லை. கழியை விடாமல் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தான். அடி காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

நாகமுத்து கழியோடு சாய்ந்தான். கழி வேரோடு வந்ததுபோல் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் அந்த இடைவெளியில் பீறிட்டது.

அப்போதுதான் ஆதிநாராயணன் கரையைப் பார்த்தான். பிடுங்கிப் போட்ட கழிகள் பதினேழு, சேறு காயாமல் கிடந்தன. மண்மூட்டைகள் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன. நாகமுத்து அணையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பிரித்துக்கொண்டிருந்தான்.

மற்றதைக் கரையில் நின்ற குப்பத்துக்காரன் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான். ஏரியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பது குப்பத்தில் முறைவைத்து வரும். அதற்குப் பாடு என்று பெயர். அமாவாசைப் பாட்டில்தான் இறால் கொட்டும். முந்தின ராத்திரியின் அமாவாசை நாகமுத்துவுக்கு விழுந்திருந்தது. தவறினால் அடுத்த முறை எப்போதோ. சாயம் பட்டு இறால் விலகிப் போகாமலிருக்க, தண்ணீரை ஒரே ஒரு ராத்திரி ஓடைக்குள் நிறுத்திவிட்டு விடியுமுன் பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். எப்போதும் வருகிற தண்ணீர் என்றால் ஓடையே தாங்கியிருக்கும். கமிட்டி வருகிறது என்று கம்பெனி தன் தொட்டிகள் அத்தனையையும் அன்று ராத்திரியே திறந்துவிட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

"முத்து, முத்து" என்று ஆதிநாராயணன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினான். விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிந்து சிவப்புத் தண்ணீரில் விழுந்தது. எது எதுவென்று பிரித்துத் தெரியவில்லை. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, லாரியில், நாகமுத்து செத்துப்போனான்.

வியாழக்கிழமை கமிட்டி வந்துவிட்டது.

சம்பவ இடத்தைக் காட்டச் சொல்லி ஆதிநாராயணனை விலங்கு மாட்டி ஓடைக்கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வாங்கிய அடியில் ஒரு கண் திறக்கவில்லை. அது அவனுக்கு வலிக்கவும் இல்லை. கம்பெனி மேனேஜர் இளநீரோடு நின்றுகொண்டிருந்தார். ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடியது, கழுவிவிட்டாற்போல.

"இது தண்ணிப் பிரச்சினை இல்லை சார், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு ஊரும் வெட்டிக்கிட்டுச் சாவுறானுங்க. நீங்க நிக்கறது சேஃப் இல்லை."

கதர்ச் சட்டை போட்ட கமிட்டித் தலைவர் மனுவைப் புரட்டினார். "முதல் மனுதாரர்?"

"செத்துட்டாருங்க" என்றார் சுப்பராயன்.

"ரெண்டாவது?"

சுப்பராயன் விலங்கு போட்டிருந்தவனைக் காட்டினார். தலைவர் மனுவை மூடினார். "உறுதிசெய்ய ஆள் இல்லாத மனுவை நான் என்னய்யா பண்றது? வண்டிய எடு."

ஆதிநாராயணன் வாயைத் திறந்தான். முத்துவைக் கொன்றுவிட்டு முத்துவின் மனுவைப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று மறுபடி மூடிக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

குப்பத்துப் பெண்கள் வரப்பின்மேல் ஓடி வந்தார்கள். முன்னால் தலைவிரிகோலமாக வந்தவள் நாகமுத்துவின் பெண்டாட்டி கோவிந்தம்மா. நேரே ஆதிநாராயணனிடம் வந்தாள். அறைந்தாள். மறுபடி அறைந்தாள். கிழிந்திருந்த உதடு மீண்டும் கிழிந்தது. இரண்டு கையாலும் அவன் முடியைப் பிடித்து முகத்தை முழங்காலில் மோதினாள். அவன் அசையவில்லை. அடி, இன்னும் அடி என்றுதான் அவன் மனசு கெஞ்சியது. போலீஸ்காரன் அவளைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, உன் புருஷனைக் கொன்னவனுக்குத் தூக்கே கிடைக்கும், நான் சொல்றேன்" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டே தலைவர் ஆறுதல் சொன்னார்.

கோவிந்தம்மா போலீஸ்காரனை உதறிவிட்டு ஜீப்பின் முன்னால் போய்த் தரையில் படுத்தாள்.

"என் மேல ஏத்திக்கினு போ!"

இன்ஸ்பெக்டரின் லத்தி அவள் தோளில் இறங்கியது. இன்னொன்று இடுப்பில். அவள் முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கொன்னவன நீ இன்னாயா பாக்கறது? அத்த போலீசு பாக்கும். என் புருசன் எதுக்குய்யா செத்தான்? இந்தத் தண்ணிக்குச் செத்தான்! இன்னிக்கு வெள்ளையா காட்றானுங்களே, அந்த வயல்ல போய்க் கால வையி! அத்த எழுதாம நீ போவ முடியாது!"

லத்தி மறுபடி உயர்ந்தது. தலைவர் "விடுய்யா" என்று அதட்டிவிட்டு இறங்கினார். வயலைப் பார்த்தார். செத்த கதிர்களுக்குக் கீழே இன்னும் சிவப்பு தேங்கிக் கிடந்தது. மூடிய மனுவைத் திரும்பப் பிரித்தார்.

"எழுதறேன்மா. ஆனா உறுதிசெய்ய ஒரு கையெழுத்து வேணும். விதி அப்படி."

கோவிந்தம்மா எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஆதிநாராயணனிடம் வந்தாள். விலங்குச் சங்கிலியைப் பற்றி, மாட்டை இழுப்பதுபோல் ஜீப் வரைக்கும் இழுத்து வந்தாள்.

"வாணாம்மா" என்று அவன் அழுதான். "இந்தக் கையால வாணாம். நான் பாவிம்மா."

"நீ பாவிதான். உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பத்திக்கினு எரியுது." பேனாவை வாங்கி அவன் விரல்களுக்கு நடுவே திணித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் நசுக்கிப் பிடித்துக் காகிதத்தின்மேல் வைத்தாள். அங்கே நாகமுத்துவின் கட்டைவிரல் ரேகை கறுப்பாக இருந்தது.

"இவன் ஒத்தன்தான் இப்ப கீறான் எங்களுக்கு" என்றாள் தலைவரிடம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "எழுதுடா. எழுதிட்டுச் சாவு."

ஆதிநாராயணன் எழுதினான்.