விசாரணைக்கு வந்த சோபா

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் எனக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, மலச்சட்டி கழுவுவது எல்லாம் என் வேலை. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். அந்த வாயைப் பொறுத்துக்கொண்டு, “உனக்குக் கை நல்லா இருக்குடி, நர்ஸுக்குப் படி” என்று விடாமல் சொன்னவர் தலைமை சிஸ்டர். இந்த வயதில் படிப்பா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துரத்தித் துரத்தி நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வைத்தார். இடமும் கிடைத்துவிட்டது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இடம் கிடைத்தால் போதுமா? வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். என் கணவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. வசதியில்லாதவர்கள் மேற்படிப்புப் படிக்க அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அது வந்தால் கல்லூரி, வராவிட்டால் ஆயுசுக்கும் மலச்சட்டி. அதற்கும் சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் மனு போட்டுக் கொடுத்தார்.

“வீட்டைப் பாக்க ஒரு ஆபீசர் வருவாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லு. அது போதும்” என்றார்.

ஆபீசர் வரும் நாளில் எனக்குக் காலை ஷிப்ட். “ஆபீசர் வர்றாங்க, வீட்டைக் கொஞ்சம் பெருக்கி வைங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எதற்கு வருகிறார் என்று விளக்கிச் சொல்லாமல் போனதுதான் வினை.

மதியம் வந்து கதவைத் திறந்தால், வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டேனோ என்று நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். நடுவில் கீழ்வீட்டுத் தையல்காரரின் சிவப்பு சோபா. சுவரோரம் தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டில் இருக்கும் பஸ் டிரைவரின் டிவி. மூலையில் அண்ணியின் பிரிட்ஜ். அண்ணி என் கணவரின் அக்கா. எங்கள் கட்டடத்திலேயே கீழே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். கடைக்கு உயிரே அந்த பிரிட்ஜ்தான். அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் மகராசி!

நடுவில் என் கணவர், இஸ்திரி போட்ட சட்டையில், பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

“எப்படி இருக்கு?”

“விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி இருக்கு. என்னங்க இது?”

“பெரிய ஆபீசர் வர்றாங்க. அவங்களைப் போய் கால் உடைஞ்ச நாற்காலியிலயா உக்கார வைக்கிறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஆபீசர் வந்துவிட்டார். நனைந்த குடையும் தோள்பையுமாக, ஒல்லியான ஓர் அம்மாள். சோபாவில் உட்கார்ந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

என் கணவர் சும்மா இருந்தாரா? பிரிட்ஜைத் திறந்து குளிர்பானம் எடுத்து நீட்டினார். உள்ளே அண்ணியின் சரக்கு, பாட்டில் பாட்டிலாக வரிசை கட்டி நின்றது.

“வீட்டுல எத்தனை பேருங்க?” என்றார் ஆபீசர், பாட்டில்களைப் பார்த்தபடி.

“நாங்க ரெண்டு பேர்தான் மேடம்.”

“இதெல்லாம் உங்களோடதுதானா?”

“எங்களுதுதான் மேடம்!” என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஆபீசர் என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் படிப்பு பிழைக்கும். ஆனால் அதே வார்த்தையில் என் வீட்டுக்காரர் பொய்யராகிவிடுவார். வீட்டுக்குள் அவரை நான் என்ன வேண்டுமானாலும் பேசுவேன். வெளியாள் முன்னால் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பட்டாசு அன்றைக்கு நமுத்துப் போயிற்று. ஆபீசர் ஏதோ குறித்துக்கொண்டார். “வரேங்க” என்று எழுந்து போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் பிடித்தேன் பிடி. “வசதி இல்லாதவங்களுக்குக் குடுக்கிற உதவிங்க அது! வசதி இருக்கான்னு பாக்கத்தான் அந்தம்மா வந்தாங்க!”

அவர் முகம் செத்துவிட்டது. “நல்ல குடும்பமான்னு பாக்க வர்றாங்கன்னு நெனச்சேன்” என்றார் மெதுவாக.

அதற்குள் அண்ணி மூச்சு வாங்க ஏறி வந்தார். “என் பிரிட்ஜைக் குடுங்கப்பா, கடையில பால் திரிஞ்சிடும்!” பின்னாலேயே தையல்காரர், டிரைவர். ஊரே கூடி ஏற்றியதை ஊரே கூடி இறக்க ஆரம்பித்தது. முதலில் பிரிட்ஜ், பின்னால் டிவி, கடைசியாக சோபா. சோபாவின் ஒரு பக்கம் என் கணவர், மறுபக்கம் நான். படிக்குப் படி என் கச்சேரி.

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! ஊரான் சோபாவைப் போட்டு என் படிப்பைத் தொலைச்சிட்டீங்களே! ஒரு நல்ல நாற்காலி வாங்க வக்கில்ல, நமக்கு எதுக்குங்க இந்த ஜம்பம்?”

“மெதுவா பேசும்மா” என்றார் தையல்காரர்.

“எதுக்கு மெதுவா பேசணும்? எல்லாந்தான் போயிடுச்சே!”

கீழே வாசலுக்கு வந்தோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் கடைக் கூரைக்கடியில், மழை விடட்டும் என்று ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் பிரிட்ஜ், மறுபக்கம் டிவி, எதிரே சோபாவோடு நாங்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

“மறுபடியும் ஒரு தடவை மேல போகலாமா?” என்றார் ஆபீசர்.

போனோம். உட்கார ஒன்றும் இல்லை. டைல்ஸ் பசை வரும் காலி வாளியைக் கவிழ்த்து, என் முந்தானையால் துடைத்துப் போட்டேன். அதன்மேல் உட்கார்ந்தார். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“என் தப்புதான் மேடம். அவ ஒரு வார்த்தையும் பொய் சொல்லல. பத்து பேருக்குப் பீ மூத்திரம் அள்ளுறா மேடம், மூஞ்சி சுளிச்சு நான் பாத்ததில்ல. வீட்டைப் பாத்துட்டு அவளை யாரும் குறைச்சலா நெனச்சிடக் கூடாதேன்னுதான்...”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை திட்டும் எனக்கே திரும்பி வந்து குத்தியது.

ஆபீசர் முன்பு எழுதியதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதினார். எழுந்தபோது வாசலைப் பார்த்தார். அண்ணி, தையல்காரர், டிரைவர், டிரைவர் மனைவி என்று நெரிசல். என்ன ஆகுமோ என்று எல்லோர் முகத்திலும் என் பயம்.

“இவ்வளவு பேர் சாமான் தூக்க வர்ற வீட்டை ஏழை வீடுன்னு எப்படிம்மா எழுதுறது?” என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் சிரித்துவிட்டார். “நல்லவேளை, அதைக் கேக்க இந்த ஃபாரத்துல இடமில்ல. போய்ப் படிங்க. மத்ததை மேலிடம் பாத்துக்கும்.”

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த அம்மாளை நினைத்தால் என் கை தானாகக் குவிகிறது.

உதவித்தொகை கிடைத்த சேதி, வார்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. சிஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு, “போடி, போய் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு” என்று என்னை விரட்டினார். யாரோ புதிதாகக் கட்டும் வீட்டில் என் கணவருக்கு அன்று வேலை. ஓடினேன். சமையலறைத் தரையில் மண்டியிட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர், நான் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“இப்ப நான் என்ன பண்ணேன்?”

வழியெல்லாம் எவ்வளவோ பேச்சு சேர்த்துக்கொண்டுதான் வந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, பசை ஒட்டிய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“படிக்க வச்சிட்டீங்க” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் என் காலடியைப் பார்த்தார். பிறகு பயந்து பயந்து சொன்னார்: “இப்பத்தான் ஒட்டினது. ஈரத்து மேல நிக்கிற.”

நான் நகரவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.