கண்ணாடி போட்டுக்கிட்டுக் கேட்ட கேள்வி

சொல்லவே நாக்கு கூசுது. ஆனா யார்கிட்டயாவது சொல்லித் தொலைக்கலைன்னா இன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் இருக்கறது ஒரு முதலீட்டு நிறுவனத்துல. ஜனங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்ததை எங்ககிட்ட கொடுப்பாங்க. எந்தக் கம்பெனிப் பங்கை வாங்கறது, எதை வித்துத் தலைமுழுகறதுன்னு நாங்க முடிவு பண்ணணும். இந்தத் தொழில்ல பொம்பளைங்க கம்மி. அதனால காலேஜ் முடிச்ச பொண்ணுங்களைப் பயிற்சிக்கு எடுத்து, ஆளுக்கொரு சீனியரை வழிகாட்டியாப் போடுவாங்க. பயிற்சி முடியும்போது அந்தப் பொண்ணு முதலீட்டுக் கமிட்டி முன்னாடி நின்னு, ஒரு கம்பெனியை ஏன் வாங்கணும்னு பேசணும். தேறினா வேலை நிரந்தரம். இல்லேன்னா டாட்டா.

என்கிட்ட வந்தவளுக்கு ஆபீஸ்ல 'மைக்'னு பேரு. அவ பேசினா பக்கத்து நாற்காலிக்கே கேக்காது, அந்தக் கேலிதான். இந்த வேலை கிடைக்கலைன்னா அவ அண்ணன் கடையில உக்காந்து பில் போடணும்னு வீட்ல முடிவு பண்ணியாச்சு.

"அதுல என்னடி குறைச்சல்?"னு கேட்டேன்.

"குறைச்சல் இல்லக்கா. ஆனா அங்க என்கிட்ட யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சொன்னதைச் செய்யணும், அவ்ளோதான். இங்க எதைச் சொன்னாலும் ஏன் ஏன்னு குடையறீங்க இல்ல, எனக்கு அது புடிச்சிருக்கு."

அன்னிக்கே அவ என் மனசுல ஒட்டிக்கிட்டா. எப்பாடு பட்டாவது இவளை உள்ள இழுத்துப் போட்டுடணும்னு நினைச்சேன்.

அவ கூச்சத்தைப் போக்க நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் சின்ன மீட்டிங் ரூமைப் புடிச்சுப்போம். அவ நின்னுக்கிட்டுப் பேசணும், நான் குறுக்கே குறுக்கே கேள்வி கேப்பேன். சின்ன வயசுல இந்தக் கமிட்டியில நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சமா நஞ்சமா? அத்தனையையும் அவமேல அவிழ்த்து விடுவேன். ஆனா அதுக்கு ஒரு விதி உண்டு. என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேஜைமேல வெச்சுட்டேன்னா நான் அக்கா இல்ல, சிடுமூஞ்சி ஆசாமி ஒருத்தர். அப்போ அவ என்னை 'சார்'னுதான் கூப்பிடணும். கண்ணாடி மறுபடி மூக்குல ஏறிடுச்சுன்னா பழையபடி அக்கா.

கேள்வியிலேயே படுகேவலமானது ஒண்ணு இருந்துச்சு. "நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா, இந்தக் கம்பெனியை யார் கவனிப்பா?" என்கிட்ட ஒருத்தர் நிஜமாவே கேட்டது. நான் ஈன்னு இளிச்சுட்டு, அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். முதல் தடவை அதை இவகிட்ட கேட்டப்போ இவளுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நான் பதறிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "ஏய் லூசு, நான்தான்டி!"ன்னேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சா.

அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து அதுக்கு ஒரு பதில் தயார் பண்ணினோம். "சார், இந்தக் கம்பெனியோட கடனைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். என் கல்யாணம் இன்னும் பங்குச்சந்தைக்கு வரல." இதைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்போம். இப்பல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டா கேட்டவர் வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க. யாரும் கேக்கப்போறதில்ல, சும்மா தைரியத்துக்குத் தெரிஞ்சு வெச்சுக்கோன்னு நானே அவகிட்ட சொல்லியிருந்தேன்.

இன்னிக்குக் காலையில கமிட்டி. நீள மேஜை, சுத்தி எல்லாரும் ஆம்பளைங்க, நடுவுல தலைவர். நானும் ஒரு ஓரத்துல உறுப்பினரா உக்காந்திருந்தேன். தண்ணி மோட்டார் செய்யற ஒரு கம்பெனியை வாங்கலாம்னு மைக் பேச ஆரம்பிச்சா. அடி ஆத்தீ! கடைசி நாற்காலி வரைக்கும் குரல் கணீர்னு போச்சு. தலைவர் பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கல. ஒளிக்காம சொல்றேன், அந்தப் பெருமைக்குள்ளயே ஒரு முள்ளும் குத்துச்சு. எனக்கு ஒருத்தரும் இப்படிப் பேனாவை வெச்சுட்டுக் காது கொடுத்ததில்லையே!

"நல்லாருக்கும்மா. வாங்கலாம்னே வெச்சுப்போம். ஆனா நம்ம கையில சும்மா கிடக்கற பணம்னு எதுவும் இல்ல. இதை வாங்கணும்னா இருக்கறதுல எதை விக்கறது?"னார் தலைவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கமிட்டியில தினம் கேக்கற கேள்வி, அதைச் சொல்லிக் கொடுக்கவே மறந்திருக்கேன். குசும்பு புடிச்ச கேள்விக்கெல்லாம் பதில் தயார் பண்ணத் தெரிஞ்ச எனக்கு இது தோணலை.

அவ கொஞ்சம் யோசிச்சா. "செருப்புக் கம்பெனியை வித்துடலாம் சார். கடைங்கள்ல சரக்கு தேங்கிக்கிட்டே போகுது. நாம அதைக் கட்டிக்கிட்டு அழறதுல அர்த்தமில்ல."

ரூமே கொல்லுனு சிரிச்சது. ஏன்னா அந்தச் செருப்புக் கம்பெனி என்னோடது. வாங்க வெச்சது நான், விலை இறங்க இறங்க விடமாட்டேன்னு மல்லுக்கு நின்னதும் நான். "வழிகாட்டிக்கே ஆப்பு வெச்சுட்டாளே!"ன்னு ஒருத்தர் தொடையைத் தட்டினார். பாவம், அவ வெகுளியாத்தான் சொன்னா. அவ சொன்னது சரின்னும் எனக்குத் தெரியும். இருந்தாலும் காதெல்லாம் சூடாயிடுச்சு, மண்டைக்குள்ள என்னமோ கொதிச்சது.

"அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா, இந்தக் கம்பெனியை யார் கவனிப்பா?"

நான்தான் கேட்டேன். என் வாய்தான்.

சிரிப்பு பட்டுனு நின்னுடுச்சு. மைக் என் முன்னாடி மேஜையைப் பார்த்தா. எதையோ தேடற மாதிரி பார்த்தா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. அப்போ எனக்கு ஒண்ணும் புரியல. அவ மெதுவா, எங்க ரிஹர்சல் பதிலை ஒரு வார்த்தை மாத்தாம சொன்னா. சிரிக்கல.

தலைவர் முகம் கடுத்துப் போச்சு. "இந்த ரூம்ல என்ன பேச்சு இது?"ன்னு என் பக்கம் திரும்பினார்.

"சார், அது நாங்க முன்னாடியே பேசி வெச்சது. நான் பதறாம பதில் சொல்றேனான்னு அக்கா சோதிச்சுப் பார்த்தாங்க"ன்னா மைக்.

அத்தனை பேரும் அப்பாடான்னு மூச்சு விட்டாங்க. தலைவர் மேஜையைத் தட்டிச் சிரிச்சார். "நானே பயந்துட்டேன்! நல்ல வழிகாட்டிதான் போங்க. இனிமே வர்ற பொண்ணுங்களுக்கும் நீங்களே பயிற்சி கொடுங்க." மைக்குக்கு வேலை அங்கேயே உறுதியாச்சு. செருப்பை விக்கறதுன்னும் முடிவாச்சு. நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னா அவ பொய் சொன்னதா ஆயிடும், அவளுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்னு மனசுக்குள்ள சமாதானம் சொல்லிக்கிட்டேன். புளுகு. எனக்கு என் நாற்காலி முக்கியமாயிருந்தது. வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஒருத்தர் என் கையைப் புடிச்சுக் குலுக்கினப்போ கையை உதறிட்டு ஓடிடலாமான்னு இருந்துச்சு.

நேரா பாத்ரூமுக்குப் போனேன். அன்னிக்கு அழுத அதே பாத்ரூம். கண்ணாடியைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு முகத்துல தண்ணியை வாரி வாரி அடிச்சேன். நிமிர்ந்தா மைக் நிக்கறா.

"பிரமாதம்டி! நீ சமாளிப்பேன்னு தெரிஞ்சுதான் வேணும்னே கேட்டேன்." இப்படியும் பேச எனக்கு எப்படித்தான் வாய் வந்துச்சோ.

அவ என் கண்ணாடியை எடுத்தா. தண்ணி தெறிச்சிருந்ததை ஒரு காகிதத்தால நிதானமாத் தொடைச்சா.

"கேக்கும்போது இதைப் போட்டிருந்தீங்க."

முகத்துல இருந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்னேன். கண்ணாடியை நீட்டினா. வாங்கி மாட்டிக்கிட்டேன். எங்க விதிப்படி இப்போ நான் அக்கா. அக்கான்னு ஒரு தடவை சொல்லிடுடி, அப்படியே கால்ல விழுந்துடறேன்னு அவ வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அவ கதவைத் திறந்தா.

"வரேன் சார்."