தவச்செல்வனின் மரண அறிவித்தல்

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தபோது தவச்செல்வன் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டு நின்றார். மனைவி சரணியா அன்று மத்தியானம் சூரிச்சில் வந்து இறங்குகிறாள். தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கென்று யாழ்ப்பாணம் போனவள், போன வேகத்தில் திரும்பாமல் ஒரு மாதத்துக்கு மேல் நின்றுவிட்டாள். முதியோர் இல்லமொன்றில் ஊர்ப்பட்ட கிழவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிற மனிதர், சொந்த மனைவிக்குச் சமைத்துக் கொடுத்து எத்தனை காலம்! இன்றைக்காவது சொதியும் சம்பலுமாக அவளை மலைக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் இருந்தார்.

மாக்கையோடு போய்க் கதவைத் திறந்தார். கீழ்வீட்டுக் குருபிரசாத் கையில் காப்பிப் பிளாஸ்க்கோடு நின்றான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பேர்னில் ஒரு பெரிய தொலைபேசிக் கொம்பனியில் வேலை. அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. தவச்செல்வனைக் கண்டதும் ஓர் எட்டுப் பின்னால் போனான். பிளாஸ்க் கைநழுவிப் படிகளில் உருண்டு உருண்டு கீழ்வாசல்வரை போனது.

"அண்ணே," என்றான் கடைசியில், "நீங்க இறந்துட்டதா வந்துச்சு."

தன் போனை நீட்டினான். அதில் தவச்செல்வன் கோட்டும் சூட்டுமாகச் சிரித்தபடி, சுற்றிவரப் பூச்சட்டத்துக்குள் இருந்தார். வட்டுக்கோட்டையைப் பிறப்பிடமாகவும் ஃப்ரிபூர்க்கை வதிவிடமாகவும் கொண்டவர், சரணியாவின் அன்புக் கணவர், இறைவனடி சேர்ந்தாராம். கிரியை விபரங்களுக்குக் கீழே அழுத்தவும் என்றும் இருந்தது. ஒரு பிழை கிடையாது. செய்தி புறப்பட்டதோ தவச்செல்வனின் சொந்த இலக்கத்திலிருந்து. தன் சாவைத் தானே ஊருக்கு அறிவித்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருடைய போன் குசினி மேசையில் கிடந்தது. கொம்பனியின் சின்னம் திரையில் சுழல்வதும் அணைவதும் மறுபடி சுழல்வதுமாக இருந்தது. எதை அமத்தியும் அசையவில்லை.

நடந்தது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. முதல்நாள் பின்னேரம் லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் இருக்கும் தம்பித்துரை அண்ணையின் மரண அறிவித்தல் போனுக்கு வந்திருந்தது. பார்த்த கையோடு அழுத்தினார். யார்தான் அழுத்தமாட்டார்கள்? கலியாண அழைப்பென்றால் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறவர் நம்மவர்களில் உண்டு. மரண அறிவித்தலைத் திறக்காமல் விட்ட தமிழன் உண்டா? பொய் அறிவித்தல் அனுப்பிப் போனுக்குள் புகுகிற களவாணிகளுக்கு இது தெரிந்திருக்கிறது, பாருங்கள். அழுத்தியும் விபரம் ஒன்றும் வரவில்லை. தம்பித்துரையை நினைத்துக் கொஞ்சம் அழுதுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் படுத்த பிறகு போன் தன்பாட்டில் அவரைக் கொன்று, அவருக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அறிவித்திருக்கிறது.

குருபிரசாத் தலையில் கைவைத்தபடி படியில் குந்திவிட்டான். களவாணிகள் போனுக்குள் புகுந்த ஓட்டை எதுவென்று அவனுக்குத் தெரியும். போனைத் தயாரித்தவர்கள் அதை அடைக்கிற மருந்தைச் சித்திரையிலேயே செய்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் கொம்பனியிடம் வாங்கின போனுக்கு எதுவும் கொம்பனியின் கையால்தான் வந்து சேரும். தவச்செல்வன் அபோ என்கிற மாதக் கட்டண ஒப்பந்தத்தோடு கொம்பனியிடமே போனை வாங்கினவர். 'பாதுகாப்புப் புதுப்பிப்பு விரைவில்' என்று அவருடைய போன் சித்திரையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. பொதுச் சலவை அறையில் சந்திக்கும்போதெல்லாம் இது எப்ப வரும் தம்பி என்று அவர் கேட்பார். சோதனையில் இருக்கு அண்ணே, வந்துரும் என்று அவனும் சொல்லுவான். இதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. குருவின் போனோ அவன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு மருந்து அப்போதே நேரே வந்துவிட்டது. கொம்பனிக்காரனே கொம்பனிப் போன் வைத்திருக்கவில்லை என்றால் மற்றதை நான் சொல்லவும் வேண்டுமா?

தவச்செல்வனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "சரணியா பாத்தாளெண்டால் தாங்கமாட்டாள், தம்பி," என்றார்.

அவள் இப்போது ஆகாயத்தில் இருக்கிறாள். இறங்கிப் போனைத் திறந்தால் முதலில் தெரிவது பூச்சட்டத்துக்குள் இருக்கும் புருசனாகத்தான் இருக்கும். குரு தன் போனில் அவளுக்கு எடுத்துப் பார்த்தான், தொடர்பு கிடைக்கவில்லை. அவளுக்கு ஒரு குரல் செய்தி போடலாம் என்று அவன் சொல்ல, தவச்செல்வன் அவன் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, நான்தான் கதைக்கிறன், எனக்கு ஒண்டுமில்லை, பயப்பிடாதை என்றார். அதன் கீழே ஒற்றைக் குறி விழுந்தது. செய்தி புறப்பட்டுவிட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதோடு விட்டுவிட்டு வீட்டில் இருக்க மனுசனால் முடியுமா? குழைத்த மாவை அப்படியே போட்டுவிட்டு, மேற்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். குருவும் கூடவே வந்தான்.

வெளியே ஊரே இல்லை. ஆற்றிலிருந்து எழும்பின மூடுபனி வீடுகளையும் பாலங்களையும் விழுங்கியிருந்தது. எங்கிருந்தோ மாதாகோயில் மணி கேட்டது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. கால் தரையில் படுகிறதா என்று தவச்செல்வன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவர்கள் ரயில் நிலையத்துக்கு வந்தபோது லொசான் பக்கமிருந்து ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. கறுப்புக் கோட்டோடு, கையில் பெரிய மலர்வளையத்தோடு, முகம் வீங்க அழுதபடி தம்பித்துரை இறங்கினார். முதல்நாள் செத்துப்போன அதே தம்பித்துரைதான். நேருக்கு நேர் நின்று இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள். அந்தப் பனிப்புகாருக்குள் இருவருக்கும் ஒரே யோசனைதான் ஓடியிருக்கும்: செத்தவர்கள் சந்திக்கிற இடம் இதுதானாக்கும்.

"டேய் தவம், நீ செத்தவனெல்லோ?" என்றார் தம்பித்துரை.

"நீங்களும்தானே அண்ணை."

தம்பித்துரை வளையத்தைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதல்நாளிலிருந்து எல்லாரும் போன் எடுத்து எடுத்து, நீங்கள் உயிரோடையோ என்று கேட்டிருக்கிறார்கள். எவனோ பகிடி விட்டிருக்கிறான் என்று அவர் பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் தவத்தின் அறிவித்தல் வந்ததும் அப்படியே நம்பிவிட்டார். தன்னுடையது பொய், மற்றவனுடையது மெய்! மனுசப் புத்தி அப்படித்தான். ரயில் புறப்பட மணி அடித்தது. நீ போய் மனுசியைப் பார், உன் வீட்டு வாசலில் நான் நின்று செத்தவீட்டுக்கு வாறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி, வளையத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் செத்தவர் பனிக்குள் மறைந்தார்.

ரயிலில் இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். நடுவில் குருவின் போன். அதில் ஒற்றைக் குறி. யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. இடைக்கிடை ஒரு மாடு, அரைவாசி மரம், அந்தரத்தில் ஒரு கூரை.

குரு தன் மேலதிகாரிக்கு எடுத்தான். அவர் மூடுபனிக்கு மேலே ஏதோ மலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். குரு ஜெர்மன் மொழியில் கெஞ்சியதைத் தவச்செல்வன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். போனை வைத்துவிட்டு அவன் தலையைக் குனிந்தான். நாளைக்குக் கூட்டத்தில் பேசலாம் என்கிறாராம். புதுப்பிப்பைப் போட்டால் கொம்பனியின் சொந்த டீவி ஆப்பில் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதாம். வாடிக்கையாளர்கள் முறைப்பாடு செய்வார்களாம். அதைச் சரிசெய்யும்வரை நிறுத்திவைக்க வேண்டுமாம்.

"ஒவ்வொரு வாரமும் 'இன்னும் சோதனையில்'னு ஒப்புதல் குடுக்கறது நான்தான் அண்ணே," என்றான் குரு.

தவச்செல்வனுக்கு ரத்தம் கொதித்தது. வேறொரு நாளென்றால் அவனைச் சட்டையில் பிடித்திருப்பார். ஆனால் அந்த வெள்ளைக்குள் கோபமும் பிடிப்பில்லாமல் நழுவியது. பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தார். குருவின் பயணச்சீட்டைப் பார்த்தார், நன்றி சொன்னார், தவச்செல்வன் இருந்த பக்கம் திரும்பாமலே போய்விட்டார். நீட்டின சீட்டு நீட்டினபடியே இருந்தது. ஒருவேளை அறிவித்தல்தான் சரியோ என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நாளைக்கு வேலையில்லை. முதுகுநோ இல்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. பஞ்சுபோல இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். பிறகு சரணியாவின் முகம் வந்தது. அவள் தனியே நின்று பெட்டியை இழுக்கிற மாதிரித் தெரிந்தது. அவர் தன் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். நொந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

சூரிச் விமான நிலையத்தில் வருகைக் கதவுக்கு முன்னால் பலூனும் பூச்செண்டுமாகச் சனம் நின்றது. குருவின் போனில் குறி இரண்டானது. அவள் இறங்கிவிட்டாள். ஆனால் குறி நீலமாகவில்லை. செய்தியை இன்னும் கேட்கவில்லை.

"கேளடி, கேளடி," என்று தவச்செல்வன் வாய்க்குள் முணுமுணுத்தார். குறி அசையவில்லை. கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள்.

பிறகு சரணியா வந்தாள்.

நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடத்தில் தேய்த்த சிவப்புத் தடம். பெட்டிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தவச்செல்வனின் முகத்திலும் அவள் கண் பட்டது, பட்டுக் கடந்துபோனது. அவள் அவரைத் தேடவில்லை. தன்னைச் செத்தவீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கும் ஆட்களைத் தேடினாள். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. அவள் அவரைத் தாண்டி இரண்டெட்டுப் போய்விட்டாள்.

"சரணியா," என்றார். அவள் நின்றாள், திரும்பவில்லை. "சரணி, நானடி. இஞ்சை பார்."

திரும்பினாள். வண்டியை விட்டாள். அது தன்பாட்டில் போய் யாருடைய காலிலோ முட்டியது. கிட்டவந்து அவர் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், மா காய்ந்திருந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். குரு தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டை, மருந்து, டீவி ஆப், தன்னுடைய ஒப்புதல் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள். டோகாவில் விமானம் மாறும்போதே அவள் அறிவித்தலைப் பார்த்திருக்கிறாள். பொட்டை அங்கேயே கண்ணாடியைப் பார்க்காமல் அழித்திருக்கிறாள். சூரிச்சில் வந்து குவிந்த குரல் செய்திகளில் இதுவும் ஓர் ஒப்பாரி என்று நினைத்து எதையும் கேட்கவில்லை.

"தம்பி," என்றாள் குருவிடம், சத்தம் போடாமல், "உங்கட கொம்பனியிலை ஒருத்தருக்கும் குடும்பம் இல்லையோ?"

குரு போனை எடுத்து மறுபடி மேலதிகாரிக்கு அழைத்தான். இந்த முறை கெஞ்சவில்லை. இனி என் ஒப்புதல் கிடையாது, ஏன் கிடையாது என்பதை எழுத்தில் எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

சரணியா தவச்செல்வனிடம் திரும்பினாள். கோபத்தில் அவள் உதடு துடித்தது.

"ஆகாயம் முழுக்க உங்களுக்கெண்டு அழுதனான். பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி தன்ரை சால்வையைத் தந்தவள், அவ்வளவுக்கு அழுதனான். எல்லாம் முடிஞ்சுது. இனி நீங்கள் உண்மையாச் செத்தாலும் என்னட்டைக் கண்ணீர் இல்லை, சொல்லிப்போட்டன்."

சொல்லி வாய் மூடவில்லை, பொலபொலவென்று கொட்டத் தொடங்கிவிட்டது. தவச்செல்வன் தன் மேற்சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு, விட்டால் போய்விடுவார் என்பதுபோல அவர் கையைப் பிடித்தபடி, ரயில் பிடிக்கும்வரைக்கும் நிறுத்தாமல் அழுதாள்.