அருக்காணி நின்ற பலகை

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த தெய்வசிகாமணி, தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து குயிலாப்பாளையத்தில் ஒரு ரெக்கார்டு ப்ளேயரை வாங்கிவந்தார். அவர் அளத்தில் நான் மேஸ்திரி. அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கியதே நான்தான். ஆகையால் இதில் பொய் கிடையாது.

மாடித்தளம் பலகை. கீழே உப்புக் கிடங்கு. பாட்டு வைத்தால் முள் வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனது. தெய்வசிகாமணி உப்பளத்துப் புத்தியைக் காட்டினார். சுழலும் தட்டின்மேல் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து, உப்புத்தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அந்த நேரம் அவர் மனைவி அருக்காணி காபியோடு வந்து ஜன்னலோரப் பலகையில் நின்றாள். தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது.

"அங்கயே நில்லு" என்றார்.

நின்றாள். மழைக்காலம் வரைக்கும் நின்றாள்.

"மேசைக் காலுக்கு ஒரு அட்டை வெச்சா ஆவாதுங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சுப் பாத்தேன்யா. பாட்டும் அட்டை மாதிரி இருக்குது."

அவள் நின்றால் சத்தம் சுத்தம்தான். வயலின்காரரின் சட்டைக்கை உரசுவதுகூடக் கேட்கும். ஆனால் இருமினால் முள் குதிக்கும். அதனால் ரெக்கார்டைத் திருப்பிப் போடும் இடைவெளிக்கு இருமலை ஒத்திவைக்கப் பழகிக்கொண்டாள். பலகையில் அவள் பாதம் பதிந்து இரண்டு குழி விழுந்தது. ஒன்றில் பூனை குட்டி போட்டது.

மகள் சத்யப்ரியாவை வானூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் வழக்கம். வயிற்றுப்பிள்ளைக்காரி மாடியில் நடந்தால் மட்டம் என்னாவது என்று இவர் கூட்டிவரவில்லை. ஐப்பசியில் ஒரு மத்தியானம், வலி எடுத்துவிட்டதென்று போன் வந்தது.

"நான் போறேங்க" என்றாள் அருக்காணி, பலகையை விட்டு நகராமல்.

"இந்தப் பக்கம் முடியட்டும்."

முடிந்தது. அவர் திருப்பிப் போட்டார்.

அவள் வானூர் போய்ச் சேர்ந்தபோது பேரன் பிறந்து, குளித்து, தூங்கியும்விட்டான்.

"ஏம்மா, உனக்கு பஸ் கெடைக்கலியா?" என்று மகள் கேட்டாளாம். அருக்காணி மறுநாள் திரும்பிவந்து, கிடங்கிலிருந்து ஒரு மூட்டை உப்பை மாடிக்கு ஏற்றச் சொன்னாள். அதைத் தன் பலகையில் நிறுத்திவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு வானூருக்கே போய்விட்டாள்.

"இது இருமறதில்லய்யா" என்று தெய்வசிகாமணி பூரித்துப்போனார். போன் போட்டு அவளிடமே சொன்னார்: "நீ மெதுவா வா."

உப்பிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். சாரல் அடித்தால் உப்பு கசியும் என்பது பாட்டு மயக்கத்தில் அவருக்கு மறந்துபோனது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கசிந்த தண்ணீர் பலகை ஆணிகளைத் தின்றது. கார்த்திகையில் ஒரு நாள், பாட்டு உச்சத்துக்குப் போன நேரம், மேசை, ப்ளேயர், நாற்காலி, மூட்டை, முதலாளி எல்லாம் கீழே உப்புக் குவியலில் போய் இறங்கின. ப்ளேயருக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிவு; உடம்பெல்லாம் சிராய்ப்பு; சிராய்ப்பெல்லாம் உப்பு. அவர் போட்ட சத்தம் பெருமுக்கல் மலைக்கோயிலில் துல்லியமாகக் கேட்டதாம். அதற்கு யாரும் மட்டம் பார்க்கவில்லை.

காலில் கயிறு கட்டி, நுனியில் எடை தொங்கவிட்டு, அசையாமல் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். அருக்காணி மகளோடும் பேரனோடும் வந்து இறங்கினாள். எடைக்கு உப்புப் பை கட்டினாள். கட்டில் பக்கத்தில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில், ப்ளேயரை வைத்தாள். அதன் ஒரு மூலைக்கு அடியில் செங்கல் துண்டு ஒன்றைச் செருகி, அவருக்குப் பிடித்த ரெக்கார்டைப் போட்டாள். முள் ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டது.

"சுகமா... சுகமா... சுகமா..."

"அடியே அருக்காணி, மட்டம் சரியில்லடி."

"இந்தப் பக்கம் முடியட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பேரனைக் குளிப்பாட்டப் போனாள்.

பொங்கலுக்கு முதலாளி கையால் வேட்டி வாங்கிக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போனபோதும் அந்தப் பக்கம் முடிந்திருக்கவில்லை.