சண்முகவடிவு ஆச்சி பதில் சொல்லாத இரண்டு கேள்விகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதல் பிரதியில் அந்தப் பொய்யைச் சொன்ன குமாஸ்தாவுக்கு விக்டர் என்று பெயர் வைத்து, மீசையும் கொடுத்திருந்தேன். [அடித்துவிட்டேன். எனக்கு மீசை கிடையாது.]

2

1943, தூத்துக்குடி. எழுபது தாண்டிய சண்முகவடிவு ஆச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கொழுந்தன் மகன் இசக்கியப்பன் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தான். அது நிஜம் என்றானால், துறைமுகத்துப் பக்கம் அவள் குடியிருந்த வீடு அவன் கைக்குப் போய்விடும். சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். மொழிபெயர்க்க, கோர்ட் குமாஸ்தா நான்.

டாக்டரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். கதைக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எழுந்து நின்று ஆச்சிக்கு நாற்காலி போட்ட மனுஷர்.

3

கிழமை கேட்டார்; சொன்னாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். என்னைவிட வேகமாகக் கழித்தாள். கடைசி முத்துக்குளிப்புக்கு யார் யார் தோணி விட்டார்கள் என்றுகூட ஒப்பித்தாள்.

அடுத்து, புருஷன் பெயர்.

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சரி, பிறந்த ஊர்?

"கடக்கரையில கோயிலு இருக்குல்லா, அங்கன."

(புருஷன் பெயர் செந்தில்வேல். ஊர் திருச்செந்தூர். ஊர்ப் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஊரையும் வாயால் சொல்லமாட்டாள். என் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.)

"ஏ தம்பி, அவுக பேரு ஒன் கையில உள்ள மனுக் காயிதத்துல இருக்குல்லா. நீயே சொல்லிருய்யா."

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தை விளக்கினால் துரை சிரிப்பாரோ, என்னையும் பட்டிக்காட்டான் என்று நினைப்பாரோ என்று கூசியது. அதனால் நான்…

அதனால் நான், 'தெரியவில்லை என்கிறாள்' என்று இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு கேள்விக்கும்.

4

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் டாக்டரின் காரை மறிக்கிறேன். ஒன்றில் கோர்ட்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவதில் ஆச்சி என்னை அறைகிறாள். மூன்றையும் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். வெளியே வந்ததும் ஆச்சி கேட்டாள்:

"அவுக பேரைச் சொல்லிட்டியாய்யா?"

"சொல்லிட்டேன் ஆச்சி."

"நல்லாருப்பே ராசா."

இதை எழுதும்போதும் வெட்கத்தில் காது சுடுகிறது. அடுத்த மாதம் இசக்கியப்பன் அந்த வீட்டைப் பூட்டினான். அவள் எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆகவே முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதுங்கள். ஆச்சி இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறாள். டாக்டர் உங்கள் பக்கம் திரும்புகிறார். பெயர் உங்களுக்குத் தெரியும்.