மூன்றாவது முறை கேட்டபோது

பெரிய வெள்ளியன்று சூரியன் எழும் முன்பே பொர்பாலா கோடாலியோடு தோட்டத்தில் நின்றாள். மூன்று வருடமாகக் காய்க்காத ஆப்ரிகாட் மரத்தை இன்று மிரட்டியாக வேண்டும். மிரட்டினால் மரம் காய்க்கும் என்பது ஊர் வழக்கம்: ஒருவர் கோடாலியை ஓங்கி வெட்டட்டுமா என்று கேட்பார். இன்னொருவர், விட்டுவிடு, அடுத்த வருடம் காய்க்கும் என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். மூன்று முறை. மற்ற வீடுகளில் கோடாலி ஆம்பளை கையில். இந்த வீட்டில் யாருக்கு வாய் பெரிதோ அவள் கையில். கெஞ்சுவது எப்போதும் புருஷன் வெண்டெல்தான்.

அவரை மகள் கிங்கா சக்கர நாற்காலியில் வைத்து மணலில் தள்ளி வந்தாள். நவம்பரில் பக்கவாதம் அடித்ததிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலி. ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியன்று மரத்தடியில் ஒரு வார்த்தை பேசினால் அவர் வீட்டோடு இருப்பார், இல்லையென்றால் கொண்டு போ என்று பொர்பாலா கறாராகச் சொல்லியிருந்தாள்.

கிங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்; செகெட் நகரில் வேதியியல் கற்பிக்கிறாள். அம்மாவின் முதுகு வளைந்துவிட்டது. அப்பாவைத் தூக்கிப் படுக்கவைக்க ஆளில்லை. அதைப் பேசாமல் மரத்தோடு பேசுகிறார்கள்.

"பூ வந்த நேரம் பனி கருக்கிடுச்சு, அவ்வளவுதாம்மா. மரத்துக்குக் காதா இருக்கு?"

"நீ படிச்சவ. மரம் படிக்கல. சும்மா இரு."

"அப்பாவ ஒக்கார வச்சுப் பரீட்சை நடத்துற."

"ஏன், உன் பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் நடத்தணுமா?"

பொர்பாலா கோடாலியை ஓங்கினாள்.

"கிங்கா அப்பா, இந்தக் கழுதை தின்னுட்டுச் சும்மா நிக்குது. வெட்டட்டுமா?"

வெண்டெலின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. எச்சில் வடிந்தது. கிங்கா துடைத்தாள். அவருக்காகத் தானே சொல்லிவிடலாமென்று வாயெடுத்தாள்.

"நீ வாயத் தொறந்த, கோடாலி உன் பக்கம் திரும்பும்."

இரண்டாம் முறையும் எச்சில்தான் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது மிரட்டுகிற குரலே போய்விட்டது.

"சொல்லுங்க. வெட்டட்டுமா?"

வெண்டெலின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வெட்டு," என்றார். குழறாமல் சொன்னார்.

கோடாலி மணலில் விழுந்தது. பொர்பாலா ஓடிவந்து அவர் தலையைக் கட்டிக்கொண்டாள். "பேசிட்டார்டி. கேட்டியா? வார்த்தை மாறி வந்துடுச்சு, வரட்டும். ஒண்ணு வந்தா மத்தது வரும். அந்தக் கட்டில வேற எவனுக்காச்சும் குடுக்கச் சொல்லு."

பக்கவாதம் வந்தவர்கள் ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்வதுண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிங்கா அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அப்பா மரத்தைப் பார்க்கவில்லை. கோடாலியையும் பார்க்கவில்லை. மனைவியின் வளைந்த முதுகுக்கு மேலாக மகளையே பார்த்தார், கணக்கு முடிந்ததா என்று மேஸ்திரியைப் பார்க்கும் கூலிக்காரனைப் போல. பிறகு இன்னொரு முறை, தணிந்த குரலில், அதே சொல்.

பொர்பாலாவுக்கு ஒரு காது மந்தம்.

"என்னடி சொல்றார்?"

கிங்கா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"குளிருதாம்."

பொர்பாலா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அவர் தோளில் சுற்றி, கழுத்துவரை இழுத்து, முடிச்சுப் போட்டாள். நன்றாக இறுக்கித்தான் போட்டாள்.